மரத்தடியும் வகுப்பறையும்: டாக்கா பல்கலைக்கழகக் கட்டிடங்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

பழைய பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் புதிதாக வகுப்பறைக் கட்டிடம் எழுப்பும் பேச்சு வந்தால் கூடவே ஒரு சொல்லும் வந்துவிடும்: பொருத்தம். பழசோடு புதுசு பொருந்தணும், வளாகத்தின் முகம் கெடக்கூடாது என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழில் பொருத்தம் என்றதும் முதலில் ஞாபகம் வருவது ஜாதகக் கட்டம். பெரியவர்கள் உட்கார்ந்து பத்துப் பொருத்தமும் பார்த்து முடித்த பிறகு பெண்ணுக்குத் தகவல் போகும். கட்டிடப் பொருத்தம் பார்க்கிற விதமும் பெரும்பாலும் இதுதான். துணைவேந்தர் பார்க்கிறார், பொதுப்பணித்துறைப் பொறியாளர் பார்க்கிறார், பணம் கொடுக்கிறவர் பார்க்கிறார். அந்த அறைக்குள் வருஷக்கணக்கில் உட்காரப் போகிறவர்களும், அதைத் தினமும் கூட்டித் துடைக்கப் போகிறவர்களும் வெளியே நிற்கிறார்கள்.

எதோடு எது பொருந்த வேண்டும், அதை யார் சொல்வது என்பதுதான் என் கேள்வி. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குக் கட்டிடத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். கட்டிடமும் ஒரு பிரதிதான் என்று பதில் சொல்லித் தப்பித்துக்கொள்வது நம் வட்டாரத்தில் சுலபம். அது பாதி உண்மை. பிடிக்காத பிரதியை மூடி வைத்துவிடலாம். வகுப்பறையை மூடி வைக்க முடியாது. மேடை எவ்வளவு உயரம், கடைசி பெஞ்சுக்குக் காற்று வருமா, மணி அடித்ததும் வெளியே வந்து நிற்க நிழல் உண்டா என்பவை பாடத்திட்டத்தில் எழுதப்படாத பாடங்கள். நான் படித்த கல்லூரியில் பழைய கருங்கல் கட்டிடத்துக்குப் பக்கத்தில் ஒரு புதுக் கட்டிடம் வந்தது. பழசு மாதிரியே முகப்பில் வளைவுகள், உச்சியில் குட்டிக் கோபுரம். உள்ளே போனால் தாழ்வாரம் கிடையாது. நடுவில் இருட்டு நடை, இரண்டு பக்கமும் அறைகள். மழை வந்தால் ஜன்னலைச் சாத்தணும், சாத்தினால் மூச்சு முட்டும். முகம் பொருந்தியிருந்தது. மற்றது எதுவும் பொருந்தவில்லை.

இதைப் பேசுவதற்கு எனக்குத் தோதாகப் படுகிற இடம் டாக்கா பல்கலைக்கழகம். வரைபடங்கள், புகைப்படங்கள், வரலாற்று நூல்கள் வழியாக நான் அறிந்த இடம். காலனியம் கட்டியது, நவீனத்துவம் கட்டியது, மாணவர்கள் தங்களுக்கென்று உண்டாக்கிக்கொண்டது மூன்றும் அங்கே நடந்துபோகிற தூரத்துக்குள் இருக்கின்றன.

2

டாக்கா பல்கலைக்கழகம் 1921-ல் திறந்தது. 1905-ல் கர்சன் வங்காளத்தைப் பிரித்தார். 1911-ல் பிரிவினை ரத்தானது. ஏமாந்துபோன கிழக்கு வங்காளத்து முஸ்லிம்களுக்குச் சமாதானமாகப் பல்கலைக்கழகம் ஒன்று வாக்களிக்கப்பட்டது. தொடங்கும்போது எண்ணூற்றுச் சொச்சம் மாணவர்கள், மூன்று விடுதிகள். கட்டிடங்கள் ரத்தாகிப்போன மாகாணம் விட்டுப்போன மிச்சங்கள். தலைமைச் செயலகமாக எழும்பிய நீண்ட கட்டிடம் கலைப்பிரிவுக்கு வந்தது, கர்சன் ஹால் அறிவியல் பிரிவுக்கு. கோப்புகளுக்காகக் கட்டின அறைகளில் மாணவர்கள் போய் உட்கார்ந்தார்கள்.

கர்சன் ஹாலுக்குக் கர்சனே 1904-ல் அடிக்கல் நாட்டினார். சிவப்புச் செங்கல், பல்மடல் வளைவுகள், கூரைமேல் சத்ரிகள். முகலாயத்தையும் ஐரோப்பியத்தையும் கலந்த இந்தோ-சாரசனிக் பாணி. சேப்பாக்கத்தில் ராபர்ட் சிஸம் 1879-ல் முடித்த செனட் மாளிகையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குடும்பச் சாயல் புரியும். யாரிடமிருந்து நாட்டைப் பிடுங்கிக்கொண்டார்களோ அவர்களுடைய அங்கியையே மாட்டிக்கொண்டு, நாங்களும் உங்கள் மரபின் வாரிசுகள்தான் என்று பேரரசு சொல்லிக்கொண்ட பாணி இது. இன்று நாம் 'பாரம்பரியம்' என்று காப்பாற்றத் துடிப்பது, அது கட்டப்பட்ட நாளில் ஒரு புதுக் கற்பனை. டாக்காவில் இனி வரும் வகுப்பறை கர்சன் ஹால் மாதிரி இருக்கணும் என்று யாராவது சொன்னால் அது நகலுக்கு எடுக்கிற நகல்.

அதற்காகக் கர்சன் ஹாலைக் காலனியச் சின்னம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1948 மார்ச் 24 அன்று அங்கே நடந்த பட்டமளிப்பு விழாவில்தான் ஜின்னா, பாகிஸ்தானின் அரசு மொழி உருது மட்டுமே என்று திரும்பச் சொன்னார். மாணவர்கள் அங்கேயே எழுந்து முடியாது என்றார்கள். கர்சன் பெயரில் நிற்கிற மண்டபத்துக்கு அன்றைக்கு வேறொரு அர்த்தம் ஏறியது. கட்டினவர்களின் நோக்கம் கட்டிடத்தின் கடைசி வார்த்தையாக இருப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. வளைவையும் சத்ரியையும் கொஞ்ச நேரம் கண்ணிலிருந்து விலக்கிவிட்டுப் பார்த்தால், கர்சன் ஹாலில் இரண்டு விஷயங்கள் மிஞ்சும். ஒன்று செங்கல். கல் கிடைக்காத டெல்டா அது. ஆற்று வண்டலைச் சுட்டால்தான் சுவர். இன்னொன்று, கட்டிடத்தைச் சுற்றி ஓடுகிற தாழ்வாரம். வருஷத்துக்குச் சுமார் 2000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிற ஊரில் வெயிலையும் சாரலையும் அறைக்கு வெளியிலேயே தடுத்து நிறுத்துகிற இடம். முகப்பு பேரரசுடையது. செங்கலும் தாழ்வாரமும் ஊருடையவை. பொருத்தம் தேடுகிறவர் எதைப் பார்க்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

3

பழைய வளாகத்துக்குள் புதுக் கட்டிடம் நுழைவதற்கு மேற்கில் இரண்டு வழிகள் பிரபலம். ஒன்று வேஷம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கேம்பிள் ரோஜர்ஸ் கட்டினவை இதற்குப் பேர்போனவை. 1931-ல் திறந்த ஸ்டெர்லிங் நூலகத்தின் புத்தகக் கோபுரம் இரும்புச் சட்டத்தில் நிற்பது. மேலே போர்த்தியிருப்பது இடைக்காலத் தேவாலயத்தின் கோதிக் உடுப்பு. தொழிற்சாலைப் பணத்தில் எழுந்த கல்வி நிறுவனம் தன்னை ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சித்தப்பா பிள்ளையாகக் காட்டிக்கொண்ட விதம் அது. வம்சாவளி இல்லாதவர்கள் வம்சாவளி எழுதி வாங்குவது நமக்கும் தெரியாத சங்கதி இல்லை.

இரண்டாவது வழி முறைப்பு. கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் ஸ்டெர்லிங் வடிவமைத்து 1968-ல் முடிந்த வரலாற்றுத்துறைக் கட்டிடம் கண்ணாடியும் சிவப்புச் செங்கல்லும் ஓடும். யாருக்கும் வணக்கம் போடாத கட்டிடம். கட்டிடக்கலை விமரிசகர்கள் கொண்டாடினார்கள். உள்ளே படித்தவர்களோ கோடையில் வெந்தார்கள், குளிரில் நடுங்கினார்கள், மழையில் ஒழுகியது. 1980களில் இடித்துவிடலாமா என்கிற யோசனை வரைக்கும் போனது. புரட்சிகரமான வடிவம் என்பதற்காக ஒழுகல் புரட்சிகரமாகிவிடாது.

வேஷமும் முறைப்பும் எதிரெதிர் போலத் தெரிகின்றன. இரண்டும் பேசுவது என்னவோ முகத்தைப் பற்றித்தான். ஒன்று பழைய முகத்தை மாட்டிக்கொள்கிறது, மற்றது பழைய முகத்தைப் பார்த்து முகம் திருப்புகிறது. உள்ளே இருக்கிற உடம்பின் வேர்வை இரண்டுக்கும் அவ்வளவாகக் கணக்கில்லை.

4

டாக்காவுக்குத் திரும்பலாம். முஸ்ஹருல் இஸ்லாம் (1923–2012) கல்கத்தாவுக்கு அருகே சிப்பூரில் பொறியியல் படித்து அரசுக் கட்டிடத்துறையில் வேலைக்குச் சேர்ந்தவர். அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் 1952-ல் கட்டிடக்கலைப் பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். மொழிப் போராட்டத்தின் ரத்தம் காயாத நேரம். 1953-ல் அவர் கைக்கு இரண்டு வேலைகள் வந்தன: பொது நூலகம் (இன்று பல்கலைக்கழக நூலகத்தின் பகுதி), அரசுக் கலைக் கல்லூரி. இரண்டாவதைத்தான் இன்று சாருகலா என்கிறார்கள். 1943 பஞ்சத்தைக் கறுப்பு மையில் வரைந்த ஜைனுல் ஆபெதின் 1948-ல் தொடங்கிய ஓவியப் பள்ளிக்கான கட்டிடம் அது. 1983-ல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது.

ஷாபாக்கில் கொடுத்த மனை பழைய தோட்ட நிலம். மரங்கள் நின்றன, பின்னால் வட்டமாக ஒரு பள்ளம் கிடந்தது. வழக்கமான பொறியாளர் முதலில் செய்கிற காரியம் மரத்தை வெட்டுவது, பள்ளத்தை மண்போட்டு மூடுவது. இஸ்லாம் மரங்களுக்கு இடம்விட்டுக் கட்டிடத்தை ஒதுக்கினார். பள்ளத்தை அப்படியே விட்டு, பின்பகுதி வகுப்பறைகளை அதன் வளைவைத் தழுவி வளைத்தார். இரண்டே மாடி, மரங்களை மீறின உயரம் இல்லை. பூசாத செங்கல். அறைகளை ஒட்டித் தாழ்வாரங்கள். காற்றை விட்டு வெயிலை வடிகட்டுகிற சல்லடைச் சுவர்கள். முன்வாசல் என்று ஒரு பெரிய கதவு கிடையாது. கீழ்த்தளம் மண்டபம் மாதிரித் திறந்து கிடக்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் பார்வை அதன் வழியே தோட்டத்துக்குப் போய்விடும். அந்தத் திறப்பில் ஒரு படிக்கட்டு வளைந்து தனியாக மேலே ஏறுகிறது.

வளைவு இல்லை, சத்ரி இல்லை, முகலாயம் எதுவுமே இல்லை. லெ கொர்பூசியேவைப் படித்தவரின் கட்டிடம் என்று பார்த்ததும் தெரியும். ஆனாலும் கர்சன் ஹாலோடு இது பொருந்துகிறது. செங்கல்லில் பொருந்துகிறது, தாழ்வாரத்தில் பொருந்துகிறது, மழைக்குக் கொடுக்கிற மரியாதையில் பொருந்துகிறது. கர்சன் ஹாலின் அலங்காரத்தை விட்டுவிட்டு அதன் அறிவை மட்டும் எடுத்துக்கொண்ட பொருத்தம் இது. ஐரோப்பாவிலிருந்து வந்த நவீனத்துவம் ஊர் மண்ணில் நின்றபோது என்ன ஆகும் என்பதற்கு நான் காட்டக்கூடிய நல்ல உதாரணமும் இதுதான். நவீனத்துவம் என்றாலே மேற்கின் பெருங்கதையாடல் என்று ஒரே போடாகப் போட்டுவிடுகிற நண்பர்கள் இந்தத் தாழ்வாரத்தில் கொஞ்ச நேரம் நின்று யோசிக்கலாம்.

ஒரு ஆட்சேபமும் எனக்கு உண்டு. அந்த வளைந்த படிக்கட்டைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் உருகியிருக்கிறார்கள். 1950களின் கட்டிடக்கலை எல்லோரையும் படியேற முடிந்தவர்களாகவே கற்பனை செய்தது. சக்கர நாற்காலியில் வருகிற ஒரு ஓவியர் அதன் கணக்கில் இல்லை. அழகான படிக்கட்டு என்று சொல்கிறவர், யாருக்கு அழகு என்றும் சேர்த்துச் சொல்லணும்.

5

வங்காளியில் 'தலா' என்று ஒரு சொல் உண்டு. நாம் மரத்தடி, புளியமரத்தடி என்கிறோமே, அந்த 'அடி'. டாக்கா பல்கலைக்கழகத்தின் வரலாற்றை இந்தத் தலாக்களின் வழியாகவே எழுதிவிடலாம்.

முதலாவது ஆம்தலா, மாமரத்தடி. செயலகமாக இருந்து கலைப்பிரிவாக மாறிய கட்டிடத்துக்கு முன்னால் நின்ற மாமரம். 1952 பிப்ரவரி 21 அன்று மாணவர்கள் அதன் கீழ் கூடித்தான் 144 தடையை மீறுவது என்று முடிவெடுத்தார்கள். வெளியே போனார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது. மிச்சம் உலகம் அறிந்தது. அந்தத் தேதிதான் இன்று உலகத் தாய்மொழி நாள்.

இரண்டாவது பட்தலா, ஆலமரத்தடி. புதிய கலைப்புலக் கட்டிடத்தின் முன்னால் நின்ற ஆலமரம். 1971 மார்ச் 2 அன்று அங்கே கூடிய கூட்டத்தில்தான் வங்கதேசக் கொடி முதன்முதலாக ஏறியது. அதே மாதம் 25-ஆம் தேதி இரவு ராணுவம் வளாகத்துக்குள் புகுந்தது. சிறுபான்மை மாணவர்களின் விடுதியான ஜகந்நாத் ஹாலில் மாணவர்களையும் ஆசிரியர்களையும் ஊழியர்களையும் கொன்று குவித்தது. அந்த வருஷமே ஆலமரத்தையும் ராணுவம் வேரோடு பிடுங்கிப்போட்டது. கலைப்புலக் கட்டிடம் நின்றது, மரம் போனது. ஃபூக்கோ வகுப்பறையைச் சிறைச்சாலை, படைமுகாம், மருத்துவமனையோடு ஒரே வரிசையில் வைத்துப் பேசியதை நாம் நிறையத் தடவை எடுத்தாண்டிருக்கிறோம். ராணுவத்துக்கு அந்தப் புத்தகம் தேவைப்படவில்லை. வரிசையாக உட்கார வைக்கிற அறையால் தனக்கு ஆபத்தில்லை, வரிசை கலைந்து நிற்கிற நிழல்தான் ஆபத்து என்று அதற்குத் தானாகவே தெரிந்திருந்தது. 1972-ல் வந்த அமெரிக்க செனட்டர் எட்வர்ட் கென்னடி அதே இடத்தில் புது ஆலங்கன்று நட்டார். அது இப்போது பெரிய மரம்.

மூன்றாவது பகுல்தலா, மகிழமரத்தடி. இது சாருகலாவுக்குள் இருக்கிறது. வசந்த விழாவும் பாட்டுக் கூட்டங்களும் நடக்கிற இடம். எர்ஷாதின் ராணுவ ஆட்சி நடந்த 1989-ல் சாருகலா மாணவர்கள் வங்காளப் புத்தாண்டு ஊர்வலம் ஒன்றைத் தொடங்கினார்கள்: காகிதப் பறவைகள், முகமூடிகள், யானை, புலி. பின்னாளில் மங்கள ஊர்வலம் என்று பேர் பெற்று 2016-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. 2025-ல் பேரை மாற்றினார்கள். அந்தச் சண்டை தனிக்கதை. நான் சொல்ல வந்தது வேறு. இவ்வளவு பெரிய உருவங்களை எங்கே வைத்துச் செய்வது? வளாகத்திலேயே, மரங்களுக்கு நடுவில், திறந்து கிடக்கிற வெளியில். இஸ்லாம் வரைபடத்தில் ஊர்வலம் இல்லை. ஊர்வலத்துக்கு இடம் இருந்தது.

ஒரு வளாகத்தின் வரலாறு அதன் முகப்பில் இருக்கிறது என்பது நிர்வாகத்தின் கதையாடல். மாணவர்களின் ஞாபகத்தில் வரலாறு, கட்டிடத்துக்கும் கட்டிடத்துக்கும் நடுவில் பாடவேளை அட்டவணைக்குள் வராத இடத்தில் இருக்கிறது. புதிய வகுப்பறை பொருந்த வேண்டியது முதலில் அந்த இடத்தோடு.

6

இதைச் சொன்னதும் பழசெல்லாம் புனிதம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கும் டாக்காவிலேயே பதில் இருக்கிறது. ஜகந்நாத் ஹாலின் பழைய மண்டபத்தில்தான் ஒரு காலத்தில் மாகாணச் சட்டமன்றம் கூடியது. 1952-ல் மாணவர்கள் போய்ச் சேர நினைத்ததும் அங்கேதான். வரலாற்றுச் சிறப்பு என்றால் இதைவிட என்ன வேண்டும்? 1985 அக்டோபர் 15 இரவு, மழையில், அந்த மண்டபத்தின் கூரை இடிந்து விழுந்தது. உள்ளே தொலைக்காட்சி நாடகம் பார்த்துக்கொண்டிருந்த மாணவர்களும் ஊழியர்களும் மற்றவர்களுமாக ஏறத்தாழ 40 பேர் செத்துப்போனார்கள். அந்த நாளை இன்றும் பல்கலைக்கழகம் துக்கநாளாக அனுசரிக்கிறது. பராமரிக்காமல் பெருமை மட்டும் பேசப்படுகிற பழமை தலையில் விழும்.

இடநெருக்கடியும் பொய்யில்லை. எண்ணூற்றுச் சொச்சம் பேரோடு தொடங்கின இடத்தில் இன்று முப்பதாயிரத்துக்கும் மேல். ஆகவே புதுக் கட்டிடம் வேண்டுமா என்பது கேள்வியாகாது. 2020-ல் எழுந்த தகராறைப் பாருங்கள். ஆசிரியர்–மாணவர் மையம் என்கிற டி.எஸ்.சி., கிரேக்கக் கட்டிடக்கலைஞர் கான்ஸ்டன்டினோஸ் டாக்ஸியாடிஸ் 1960களின் தொடக்கத்தில் வடிவமைத்தது. தாழ்வான கட்டிடங்கள், கூரைபோட்ட நடைபாதைகள், நடுவில் புல்வெளி. அயூப் கானின் ராணுவ ஆட்சியில் எழுந்த இந்த இடம் அடுத்தடுத்த ஆட்சிகளுக்கு எதிரான கூட்டங்களின் இடமாகிப்போனது. இதை இடித்துவிட்டுப் பலமாடிக் கட்டிடம் எழுப்பும் திட்டத்தை ஷேக் ஹசீனா அரசு முன்வைத்தது. நவீன வசதிகள், அதிக இடம் என்றார்கள். கட்டிடக்கலைஞர்களும் பழைய மாணவர்களும் எதிர்த்தார்கள். டி.எஸ்.சி. நிற்கிறது. 2024 ஜூலையில் இடஒதுக்கீட்டுப் பிரச்சினையில் மாணவர்கள் திரண்டதும் அதை ஒட்டின ராஜு சிற்பத்தடியில்தான். ஆகஸ்டில் ஹசீனா நாட்டைவிட்டுப் போனார். புல்வெளிதான் ஆட்சியைக் கவிழ்த்தது என்று நான் சொல்லவில்லை. சதுர அடிக் கணக்கில் அந்தப் புல்வெளி 'காலி இடம்' என்றே விழும் என்பதைச் சொல்கிறேன். மாணவர்களுக்கு அது ஒருநாளும் காலியாக இருந்ததில்லை.

7

அப்படியானால் பொருத்தத்தை எதை வைத்துப் பார்ப்பது? பழைய வளாகம் ஒன்றில் புதிய வகுப்பறைக் கட்டிடத்தின் வரைபடத்தை யாராவது நம் முன்னால் விரித்தால், முகப்புப் படத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சில கேள்விகள் கேட்கலாம்.

மின்சாரம் போனால் அறையில் எத்தனை நேரம் உட்கார முடியும்? தாழ்வாரம் இருக்கிறதா, அதில் நடக்க மட்டும்தான் இடமா, நிற்கவும் இடமா? வகுப்பு முடிந்து வருகிறவர்களும் அடுத்த வகுப்புக்குப் போகிறவர்களும் ஒருவரை ஒருவர் பார்க்கிற இடம் எது? மேடையை எடுத்துவிட்டுப் பெஞ்சுகளை வட்டமாகப் போட முடியுமா, இல்லை தரையோடு திருகி வைத்திருக்கிறார்களா? பெண்களின் கழிப்பறை எந்த மாடியில், எத்தனை? சக்கர நாற்காலி முன்வாசல் வழியாக வருமா, பின்பக்கச் சரக்கு வழியாகவா? துப்புரவுத் தொழிலாளர்கள் மதியச் சாப்பாட்டுக்கு எங்கே உட்காருவார்கள்? எத்தனை மரம் போகிறது, அந்த மரங்களின் கீழ் இதுவரை என்ன நடந்தது? இந்தப் பக்கத்துக் கட்டிடங்கள் எந்த மண்ணால், எந்த மழைக்காக இப்படி ஆயின?

இவற்றுக்குப் பதில் சொல்கிற கட்டிடம் தட்டையான கூரையோடு இருக்கட்டும், கான்கிரீட்டாக இருக்கட்டும், எனக்குச் சண்டையில்லை. இவற்றுக்குப் பதில் இல்லாத கட்டிடம் எத்தனை வளைவுகளை மாட்டிக்கொண்டு வந்தாலும் வளாகத்துக்கு அந்நியன்தான்.

எழுத்தாளர்கள் இதையெல்லாம் நிபுணர்களிடம் விட்டுவிட்டு இருந்திருக்கிறோம். கட்டி முடித்த பிறகு திறப்பு விழாக் கவியரங்கத்துக்கு அழைப்பு வரும், போவோம். அழைப்பு வருகிற வரைக்கும் காத்திருக்காமல், வரைபடம் மேஜையில் இருக்கும்போதே போய்க் கேட்பது நல்லது. கான்கிரீட் இறுகின பிறகு கேட்கிற கேள்வி விமரிசனம் என்று பேர் வாங்கலாம், சுவரை நகர்த்தாது.